வாக்யூம் பையில் வெனீர் ஒட்டும்போது நீர் எங்கே போகிறது?

மெல்லிய தாளாகச் சீவிய மரமான வெனீரைப் பலகையில் ஒட்ட, பைக்குள் வைத்துப் பம்ப்பால் காற்றை எடுத்து அழுத்தும் வாக்யூம் பிரஸ் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் பம்ப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதன் வேகம் என்ன, எவ்வளவு அழுத்தம் வரும், பை எத்தனை ஆண்டு உழைக்கும் என்பவை பதில் சொல்ல எளிய கேள்விகள். அலமாரிக் கதவுகளையும் மேசைப் பரப்புகளையும் இந்த முறையில் ஒட்டி வருபவன் என்ற வகையில், நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: நீங்கள் பயன்படுத்தப்போகும் பசையில் இருக்கும் நீர் எங்கே போகும் என்று யோசித்தீர்களா? அழுத்தத்தைப் பொறுத்தவரை இந்தக் கருவி ஏறக்குறைய குறையில்லாமல் வேலை செய்கிறது. ஒட்டிய பலகை ஓராண்டு கழித்தும் தட்டையாகவும் விரிசலின்றியும் நிற்குமா என்பதைப் பெரும்பாலும் அந்த நீரே முடிவு செய்கிறது.

முதலில் அழுத்தத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். கடல் மட்டத்தில் வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் ஏறத்தாழ 1.03 கிலோகிராம் எடைக்கு ஈடாக அழுத்துகிறது. 1643-இல் டாரிசெல்லியின் குழாயில் பாதரசம் சுமார் 760 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றதும் இந்த அழுத்தத்தால்தான். பம்ப் எதையும் அழுத்துவதில்லை; பைக்குள் இருக்கும் காற்றை எடுத்துவிடுகிறது, அதன்பின் வெளிக்காற்று தன் வேலையைச் செய்கிறது. பைக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட எவ்வளவு குறைந்திருக்கிறது என்று காட்டும் கேஜில் முள் 635 மில்லிமீட்டரில், அதாவது 25 அங்குலப் பாதரசத்தில் நின்றால், பலகையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 0.86 கிலோகிராம் கிடைக்கிறது. 60 சென்டிமீட்டர் அகலமும் 120 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட கதவுப் பலகைக்கு அது மொத்தம் 6 டன்னுக்குச் சற்று மேல். இதே அழுத்தத்தைக் கிளாம்ப்களால் கொடுக்க முயன்றவர்களுக்குத் தெரியும், ஓரங்களில் வேண்டிய மட்டும் முறுக்கிவிடலாம், ஆனால் பலகையின் நடுப்பகுதியைக் கிளாம்ப்பின் வாய் எட்டாது. அதற்காக வளைவாகச் சீவிய கனமான குறுக்குக் கட்டைகளை மேலும் கீழும் வரிசையாக வைத்து இறுக்க வேண்டியிருக்கும். காற்றுக்கு நடு, ஓரம் என்ற வேறுபாடு கிடையாது.

6 டன் என்றதும் மேசை தாங்குமா என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை. காற்று மேலிருந்து அழுத்தும் அதே அளவுக்குக் கீழிருந்தும் பையை அழுத்துவதால், மேசையின் மேல் இறங்குவது பலகைகளின் சொந்த எடை மட்டுமே. மேசை தட்டையாக இருந்தால் போதும். மலைப்பகுதியில் வேலை செய்பவர்கள் வேறொன்றை நினைவில் வைக்க வேண்டும்: 1,500 மீட்டர் உயரத்தில் வளிமண்டல அழுத்தமே ஏறக்குறைய 634 மில்லிமீட்டர்தான் என்பதால், அங்கே கேஜின் முள் 530-ஐ ஒட்டி நின்றுவிட்டாலும் பம்ப் தன்னால் இயன்றதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

கேஜைப் பற்றி இன்னும் ஒன்று. அது தான் பொருத்தப்பட்டிருக்கும் இடத்தின் நிலையை மட்டுமே காட்டும். பம்ப் ஓடத் தொடங்கியதும் வால்வுக்கு அருகில் பை பலகையோடு ஒட்டிக்கொண்டுவிட்டால், மறுகோடியில் உள்ள காற்று வெளியேற வழியின்றி அங்கேயே சிறைப்பட்டிருக்கும். கேஜோ முழு வெற்றிடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். இதைத் தவிர்க்கத்தான் பைக்குள் விரிக்கும் அடித்தளப் பலகையில் 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் காடிகள் வெட்டுகிறார்கள். எல்லாக் காடிகளும் ஒன்றோடொன்று சேர்ந்து வால்வு வரை செல்ல வேண்டும். காடி வெட்ட வசதியில்லாதவர்கள், காற்றை உள்ளே ஓடவிடும் முரட்டு நைலான் வலையைப் பலகையின் மேல் விரித்து வால்வு வரை இழுத்துவிடலாம். வளைந்த பொருள்களுக்கு எனக்கு வலைதான் பிடித்திருக்கிறது. பம்ப் இயங்கியதும் மறுகோடியில் பையைக் கிள்ளித் தூக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். விரல்களுக்குள் பை சிக்கினால் அங்கே இன்னும் அழுத்தம் வரவில்லை.

இனி நீர். வெற்றிடம் பசையை விரைவில் உலர்த்திவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வெற்றிடத்தில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்று பள்ளியில் படித்தது அதற்குக் காரணமாக இருக்கலாம். அது உண்மைதான், ஆனால் நாம் உருவாக்கும் வெற்றிடம் அந்த அளவுக்குப் போவதில்லை. கேஜ் 635 காட்டும்போது பைக்குள் எஞ்சியிருப்பது ஏறக்குறைய 125 மில்லிமீட்டர் அழுத்தம். அந்த அழுத்தத்தில் நீர் கொதிக்க ஏறத்தாழ 56 டிகிரி செல்சியஸ் வேண்டும். 30 டிகிரி வெப்பமுள்ள அறையில் நீர் கொதிக்க வேண்டுமானால் உள்ளே எஞ்சும் அழுத்தம் 32 மில்லிமீட்டருக்கு இறங்க வேண்டும். நல்ல வேளையாக நம் பம்ப்கள் பெரும்பாலும் அங்கே போவதில்லை. போனால் பசைக்குள் நீராவிக் குமிழிகள் கிளம்பி ஒட்டும் படலத்தையே கெடுக்கும். ஆக, பைக்குள் நீர் கொதிப்பதுமில்லை, அதைக் கொண்டுபோகக் காற்றோட்டமுமில்லை. பலகையோடு பிளாஸ்டிக் படலம் ஒட்டிக் கிடக்கும் அந்த இடத்தில் அதற்கு எஞ்சியிருக்கும் ஒரே போக்கிடம் மரம்.

அது எவ்வளவு நீர் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால் வெனீரைக் கையாளும் விதமே மாறிவிடும். பிவிஏ வகை வெள்ளைப் பசையைச் சதுர மீட்டருக்கு 180 கிராம் பூசுவதாக வைத்துக்கொள்வோம். அதில் பாதி நீர் என்றால் 90 கிராம். அதில் ஒரு பாதி, வெனீரைத் தாங்கும் அடிப்பலகைக்குள்ளும் மறு பாதி வெனீருக்குள்ளும் செல்வதாகக் கொள்வோம். மரத்தூள் நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை 18 மில்லிமீட்டர் தடிமனில் சதுர மீட்டருக்கு 13 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. 45 கிராம் நீர் அதன் ஈரப்பதத்தை அரை சதவீதம்கூடக் கூட்டாது. 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெனீரின் எடையோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 390 கிராம்தான். அதே 45 கிராம் நீர் அதன் ஈரப்பதத்தை 11 சதவீதத்துக்கு மேல் உயர்த்திவிடுகிறது. 8 சதவீத ஈரத்தோடு பைக்குள் போன வெனீர் சில நிமிடங்களில் 20 சதவீதத்தை எட்டி, இழைக்குக் குறுக்காகப் பருக்கத் தொடங்குகிறது. பருத்த நிலையிலேயே பசை பிடித்துக்கொள்கிறது. பிறகு அது உலரும்போது சுருங்க விரும்பும், பசை விடாது; இந்த இழுபறியில்தான் இணைப்புகள் திறக்கின்றன, இழையோடு மயிரிழை விரிசல்கள் தோன்றுகின்றன, ஒரு முகத்தில் மட்டும் வெனீர் ஒட்டிய பலகை கிண்ணம்போல் குழிகிறது.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகள் ஒவ்வொன்றின் காரணமும் தெளிவாகிவிடும். பசையை அடிப்பலகையில் மட்டும் பூச வேண்டும், வெனீரில் பூசக் கூடாது என்கிறார்கள். வெனீரில் பூசினால் அழுத்தம் வருவதற்குள் அது நீரைக் குடித்துச் சுருண்டுவிடும். பசையை ரோலரால் சீராக, பலகையின் நிறம் மறையும் அளவுக்கு மட்டும் பரப்ப வேண்டும். கூடுதலாகப் பூசும் ஒவ்வொரு கிராமும் வெனீருக்குள் போகும் நீரைக் கூட்டுவதோடு, துளைகள் வழியே மேற்பரப்புக்கும் வந்து கறையாகும். பலகையின் இரு முகங்களிலும் ஒரே தடிமனில் வெனீர் ஒட்ட வேண்டும், முடிந்தால் ஒரே நேரத்தில் ஒட்ட வேண்டும். பின்முகத்துக்கு விலைமதிப்புள்ள மரம் தேவையில்லை, ஆனால் இழையின் திசையும் தடிமனும் பசையும் முன்முகத்தோடு ஒத்திருக்க வேண்டும். இரு முகங்களையும் ஒரே அழுத்தத்தில் ஒட்டி எடுப்பது வாக்யூம் பைக்கு மிக இயல்பாக வரும் வேலை. அந்த வசதி இருந்தும் சோம்பலால் பின்முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

பசையைத் தேர்ந்தெடுப்பதிலும் இதுவே அளவுகோல். பிவிஏ பசை நீரை இழந்துதான் இறுகுகிறது. எனவே பைக்குள் அது வெளியில் ஆவதைவிட நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும். சாதாரண மூட்டுகளுக்கு ஒரு மணி நேரம் போதும் என்று டப்பாவில் எழுதியிருப்பதை நம்பிப் பையைத் திறந்துவிடக் கூடாது. இறுகிய பின்னும் அது சற்றே நெகிழ்வாக இருப்பதால், தொடர்ந்து இழுக்கும் வெனீருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுத்துவிடும். சிறிய, தட்டையான, நேரிழை கொண்ட பலகைகளுக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பல துண்டுகளைப் பொருத்தி அமைத்த வட்டவடிவக் கதிர் அலங்காரத்துக்கோ வளைந்த பலகைக்கோ நான் அதைப் பயன்படுத்துவதில்லை. அத்தகைய வேலைகளுக்கு யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின்தான் என் தேர்வு. அதிலும் நீர் உண்டு, ஆனால் அது இறுகுவது வேதிவினையால். நீர் வெளியேறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பூசி முடித்து அடுக்குவதற்குப் போதிய அவகாசம் தருகிறது, இறுகிய படலம் கண்ணாடிபோல் விறைப்பாகி அசையாமல் பிடித்துக்கொள்கிறது. அறை 20 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், குளிர்ந்த அறையில் அது ஒழுங்காக இறுகாது. ஓர் இரவு முழுவதும் பைக்குள் விட்டுவைப்பதே பாதுகாப்பு.

யூரியா பிசினைப் பரிந்துரைக்கும்போது ஃபார்மால்டிஹைடைப் பற்றிச் சொல்லாமல் விடுவது பொறுப்பின்மை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. பொடியைக் கலக்கும்போது தூசுக்கான முகமூடியும், பூசும்போது கையுறையும், வேலை நடக்கும் அறையில் நல்ல காற்றோட்டமும் கட்டாயம். இறுகிய பிசினை உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் தூசுக்கும் இது பொருந்தும்.

நீரே இல்லாத பசை வேண்டுமென்றால் எபாக்சி இருக்கிறது. பருத்தல், சுருங்கல் என்ற சிக்கல் அதோடு தீர்ந்துவிடுகிறது; எண்ணெய்ப் பசையுள்ள மரங்களிலும், மரத்தின் கழலைப் புடைப்பிலிருந்து சீவிய, நீர் பட்டால் நெளியும் வெனீர்களிலும் அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் மெதுவாக இறுகும் எபாக்சி அழுத்தத்தின்கீழ் துளைகள் வழியே எளிதாக மேலே ஏறும். வெற்றிடம் அதை உறிஞ்சி மேலே இழுக்கிறது என்று சிலர் சொல்வது சரியல்ல; கிளாம்ப் போட்டாலும் அதே அழுத்தத்தில் அதே அளவு ஏறத்தான் செய்யும். திறந்த துளைகள் உள்ள மரங்களுக்கு எபாக்சியைச் சற்றுக் கெட்டியாக்கிக்கொள்வதும், மரத்தின் நிறத்தைக் கலந்துகொள்வதும் உதவும். ஊதி நுரைக்கும் பாலியூரித்தேன் பசையை மட்டும் பைக்குள் விடாமலிருப்பது நல்லது.

கழலை மரத்திலிருந்தும் கவட்டுப் பகுதியிலிருந்தும் சீவிய வெனீர்கள் அலையலையாக நெளிந்தே வரும். அவற்றை அப்படியே பைக்குள் வைத்தால் காற்றழுத்தம் தட்டையாக்கிவிடும் என்பது உண்மை, ஆனால் தட்டையாகும்போது அவை உடைந்தும் போகும். கிளிசரின் கலந்த நீரைத் தெளித்து, உறிஞ்சும் தாள்களுக்கிடையே வைத்து, இரு பலகைகளுக்கு நடுவில் மெல்ல இறுக்கி, ஈரமான தாள்களை மாற்றிக்கொண்டே வர வேண்டும். இங்கே பொறுமையாகக் காத்திருப்பது வேலையின் ஒரு பகுதி. தொட்டால் உலர்ந்ததுபோல் தோன்றும் வெனீர் உள்ளே ஈரமாக இருக்கக்கூடும். அதன்மேல் பசையின் நீரும் சேர்ந்தால் மேலே சொன்ன கணக்கு இன்னும் மோசமாகிவிடும். தயாரான வெனீர்களை ஓரத்தோடு ஓரம் சேர்க்க, நனைத்து ஒட்டும் மெல்லிய காகித நாடாவே சிறந்தது. அது உலரும்போது சுருங்கி இணைப்பை இறுக்கிப் பிடிக்கும். நாடா எப்போதும் வெளியே தெரியும் முகத்தில் இருக்க வேண்டும், பசைப் பக்கம் போய்விடக் கூடாது.

அடுக்கும் வரிசையில் தவறு நேரும் இடம் மேல்தாங்கிப் பலகை. வெனீரின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளும், அதன்மேல் மெலமைன் பூசிய ஒரு பலகையும் வைக்கிறோம். பையின் சுருக்கங்கள் வெனீரில் பதியாமலிருக்கவும் பரப்பு தட்டையாக வரவும் அது தேவை. அந்தப் பலகை அடிப்பலகையைவிட அதிகம் பெரிதாக இருந்தால், வெளியே நீண்டிருக்கும் பகுதியைக் காற்று கீழ்நோக்கி அழுத்தும். பலகையின் விளிம்பு நெம்புகோலின் தாங்குபுள்ளியாகி, விளிம்பிலிருந்து சற்று உட்புறத்தில் அழுத்தம் குறைந்துவிடும். ஓரத்துக்கு உள்ளே விரல் அகலத்தில் ஒட்டாமல் கிடக்கும் பட்டையைக் கண்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். நான்கு பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருப்பதே போதும். அடிமுகத்திலும் வெனீர் ஒட்டுகிறீர்கள் என்றால் அங்கேயும் ஒரு தாங்கிப் பலகை வேண்டும், இல்லையெனில் அடித்தளத்தின் காடிகள் வெனீரில் வரிவரியாகப் பதிந்துவிடும். அழுத்தம் ஏறும் முதல் சில நொடிகளில் ஈரப் பசையின் மேல் வெனீர் வழுக்கும். எதிரெதிர் ஓரங்களில் ஒட்டுநாடாவால் கட்டிவிட வேண்டும்.

மற்றக் கருவிகள் ஈடுகொடுக்க முடியாத அளவுக்குப் பை உயர்ந்து நிற்பது வளைந்த பலகைகளில்தான். கிளாம்ப் முறையில் மேலும் கீழும் பொருந்தும் இரண்டு அச்சுகள் வேண்டும், இடையில் பலகையின் தடிமனைத் துல்லியமாகக் கழித்து அவற்றைச் செய்ய வேண்டும். பைக்கு ஓர் அச்சு போதும். மறு அச்சின் வேலையைக் காற்றே செய்துவிடுகிறது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1940-களின் தொடக்கத்தில் தங்கள் குடியிருப்பிலேயே ஒட்டுப்பலகையை வளைக்க ஒரு கருவி செய்தார்கள். பிளாஸ்டர் அச்சின் மேல் வெனீர் அடுக்குகளை வைத்து, ஒரு ரப்பர்ப் பையில் சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து அவற்றை அச்சோடு அழுத்தினார்கள். 1942 முதல் அமெரிக்கக் கடற்படைக்காக அவர்கள் செய்த கால் தாங்கிகள் அந்த முயற்சிகளின் வழியே வந்தவை. காற்றை உள்ளே அடைத்தாலும் வெளியே எடுத்தாலும், ஓர் அச்சும் வளையும் பையும் என்ற அடிப்படை ஒன்றேதான்.

அச்சு செய்யும்போது அதன் உள்ளே எவ்வளவு இடத்தைக் காலியாக விடலாம் என்பதை மிகுந்த கவனத்தோடு தீர்மானிக்க வேண்டும். விலா எலும்புகள்போல் குறுக்குப் பலகைகள் நிறுத்தி மேலே மெல்லிய ஒட்டுப்பலகை போர்த்துவது வழக்கம். இரு குறுக்குப் பலகைகளுக்கிடையே 30 சென்டிமீட்டர் விட்டால், 30 சென்டிமீட்டர் சதுரத்தின் மேல் இறங்குவது ஏறத்தாழ 770 கிலோகிராம். 6 மில்லிமீட்டர் பலகை அதைத் தாங்கி வடிவம் மாறாமல் நிற்காது. இடைவெளியை ஐந்தாறு சென்டிமீட்டராகக் குறைத்துவிட்டால் கவலையில்லை. ஒவ்வொரு குறுக்குப் பலகையிலும் காற்று செல்லத் துளையிடவும் மறக்கக் கூடாது. அச்சுக்குள் அடைபட்ட காற்று பல மணி நேரம் கசிந்துகொண்டே இருந்து கேஜை நிலையாக நிற்கவிடாது. உட்புறம் வெறுமையான கதவுகளை ஒட்டுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வினைல் பைகள் மலிவானவை, பாலியூரித்தேன் பைகள் நன்கு நீண்டு வளைவுகளோடு படியும், நெடுநாள் உழைக்கும். இரண்டையுமே கிழிப்பது அடித்தளத்தின் கூரிய மூலைகளும் அதில் ஒட்டிக்கிடக்கும் காய்ந்த பசைத் துணுக்குகளும்தான். மூலைகளை உருட்டிவிடுவதும், ஒவ்வொரு முறையும் சுரண்டித் துடைப்பதும் போதும். கசிவைக் கண்டுபிடிக்கக் காதே சிறந்த கருவி.

பலகை வெளியே வந்ததும் நகத்தால் பரப்பெங்கும் மெல்லத் தட்டிக் கேட்க வேண்டும். ஒட்டாத இடம் வெறுமையாக ஒலிக்கும். பிவிஏ என்றால் மிதமான சூட்டில் தேய்ப்புப் பெட்டியை வைத்து அழுத்திப் பிடித்தால் பசை இளகி மீண்டும் பற்றிக்கொள்ளும். யூரியா பிசின் சூட்டில் இளகாது. இழையோடு கூரிய கத்தியால் கீறி, உள்ளே புதிய பசையைச் செலுத்தி மீண்டும் அழுத்த வேண்டும்.

இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் பலகையை மேசையின் மேல் கிடத்திவிட்டு அடுத்த பலகைக்குப் போகிறார்கள். கிடத்திய பலகையின் மேல்முகம் மட்டும் உலரும், அடிமுகத்தின் ஈரம் அங்கேயே நிற்கும், அதனால் சமமாக ஒட்டிய பலகைகூட வளையும். குச்சிகளின் மேல் அடுக்கியோ, சுவரில் சாய்க்காமல் ஓரத்தில் நிமிர்த்தியோ, இருபுறமும் ஒரேபோல் காற்றுப் படுமாறு வைக்க வேண்டும். காகித நாடாவை நனைத்துச் சுரண்டுவதையும் உப்புத்தாள் போடுவதையும் சில நாள்களாவது தள்ளிப்போட வேண்டும். இணைப்பின் அருகில் வெனீர் இன்னும் பருத்திருக்கும்போது தேய்த்துச் சமப்படுத்தினால், நீர் முழுவதும் வெளியேறிய பிறகு அந்த இடங்கள் பள்ளமாக இறங்கி, மெருகிட்ட பரப்பில் ஒளி பட்டதும் கோடுகளாகத் தெரியும். 0.6 மில்லிமீட்டர் வெனீரில் அதை மறுபடி தேய்த்துச் சரிசெய்யும் அளவுக்கு மரம் மிஞ்சியிருக்காது.